சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலும் நம்ம கோயில் கிராண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க.

போன ஞாயிறு கோயில் துப்புரவு வேலை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நம்ம இளைஞர் அணித் தம்பி ஒருத்தர் கேட்டார். “அங்கிள், அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் கோயிலுக்குச் சும்மாவே நிலம் கொடுத்துட்டான். பினாங்குல, சிங்கப்பூர்ல எல்லாம் எவ்வளவு பெரிய கோயில் நடு டவுன்ல நிக்குது. நமக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்?”

அலைச்சல் என்று அவர் சொன்னது எதை என்று நம்ம கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். நிலம் சம்பந்தமாக வந்த கடிதம் இன்னும் கமிட்டி பைலில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் எழுத வேண்டும். அதற்குள் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். அன்றைக்கு வாயால் சொன்னதைவிட இங்கே முழுசாக எழுதினால் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஒரே வரியில் சொன்னால், யாரும் சும்மா கொடுக்கவில்லை. சிங்கப்பூர் கோயிலுக்கு இடம் இரண்டு தடவை மாறியது.

முதலில் நம்ம ஊரைப் பார்ப்போம். 1800லிருந்து 1830 வரைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன இருந்தது? கோலாலம்பூர் என்ற ஊரே கிடையாது. கிள்ளான் ஆறு இருந்தது, ஈயம் இருந்தது, ஆற்றங்கரையில் மலாய்க் கிராமங்கள் இருந்தன. சிலாங்கூர் சுல்தானின் கோட்டை வடக்கே கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குரங்குக்குக் கடலை போடுகிறோமே, அதே குன்றுதான். 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள், மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் திரும்பப் பிடித்துக்கொண்டார். கிள்ளானில் இன்றைக்கும் நிற்கிற மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று ராஜா அப்துல்லாவின் ஈயக் கிடங்கு. அதுவே 1857ஆம் ஆண்டுக் கட்டடம். அதே 1857இல்தான் 87 சீனத் தொழிலாளிகள் ஆற்றில் மேலே போய் அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள், அதில் பெரும்பாலோர் காய்ச்சலில் செத்துப்போனார்கள். கோலாலம்பூர் அப்படித்தான் தொடங்கியது.

ஆக, 1800களின் ஆரம்பத்தில் கட்டிய தமிழர் கட்டடத்தைப் பார்க்கணும் என்றால் இங்கே தேடிப் பிரயோஜனம் இல்லை. கடற்கரைத் துறைமுகங்களுக்குப் போகணும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். சில வருடங்களுக்கு முன்னே நம்ம கோயிலில் இருந்து வேன் பிடித்து இந்த மூன்று ஊருக்கும் போய் வந்தோம். சாமி கும்பிடத்தான் போனோம். ஆனால் வரும்போது பேச்சு முழுக்க நிலத்தைப் பற்றித்தான்.

மலாக்காவில் பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது டச்சுக்காரர் காலம். மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் எழுந்தது. அதே செட்டி சமூகத்தார் காஜா பெராங் பக்கம் 1822இல் முத்துமாரியம்மன் கோயிலும் கட்டினார்கள். தமிழ் பேசுவது அவர்களிடம் குறைந்து மலாய் வந்துவிட்டது, உடுப்பும் மாறிவிட்டது. ஆனால் கோயில் கைவிட்டுப் போகவில்லை. நம்மில் சிலர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பது உண்டு. எங்களுக்கு அது பிடிக்காது. சாமிக்கு நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களை என்ன சொல்லிச் சிரிப்பது?

பினாங்கில் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய கொஞ்ச காலத்திலேயே சோழமண்டலக் கரையில் இருந்து நம்ம ஆட்கள் கப்பல் கப்பலாக வர ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரர், கூலி ஆள், படகுக்காரர் எல்லாரும். 1801இல் இந்தியர்களுக்குத் தலைவராக இருந்த ஒருவரிடம் அரசாங்கம் இந்த இடத்தை ஒப்படைத்தது. ஆங்கிலப் பதிவில் அவர் பேர் பெட்டி லிங்கம் செட்டி. அதே 1801இல்தான் பக்கத்துத் தெருவில் காதர் முகைதீன் முன்னின்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் இடம் வாங்கினார். நம்ம கோயில் சிறு சன்னிதியாக இருந்து 1833இல் கோயில் என்ற நிலைக்கு வந்தது. சுற்றியிருந்த தெருக்களில் துறைமுகத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்தார்கள், அவர்களுடைய காசும் வேர்வையும்தான் அந்தக் கோயில்.

அந்தத் தெருவில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நாலு எட்டு வைத்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818இல் கட்டி முடித்தது. அந்தப் பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை. முதலில் நிபோங் மரத்தால் வேலி மாதிரி இருந்ததை 1804க்குப் பிறகு செங்கல்லும் கல்லும் வைத்துக் கட்டினார்கள். இரண்டிலும் வேலை செய்தவர்களில் இந்தியாவில் இருந்து கப்பலில் அனுப்பப்பட்ட கைதிகள் இருந்தார்கள். கைதி என்றதும் கொலைகாரன் என்று நினைக்கவேண்டாம், சின்னக் குற்றத்துக்கும் கடல் கடத்திவிட்ட காலம் அது. அவர்கள் கட்டிய கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் டிக்கெட் எடுத்தோ எடுக்காமலோ வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். கட்டினவன் பேர் எந்தக் கல்லிலும் கிடையாது.

இனிமேல் சிங்கப்பூர். தம்பிக்குச் சொல்லவேண்டிய கதை இதுதான்.

ராஃபிள்ஸ் 1819 ஜனவரி கடைசியில் சிங்கப்பூரில் இறங்கினார். அதே வருடம் மே மாதம் இரண்டாவது தடவை வந்தபோது, ‘இந்தியானா’ என்ற கப்பலில் அவரோடு பினாங்கில் இருந்து ஒரு தமிழர் வந்தார். பேர் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசாங்கக் கிராணி. நம்ம தோட்டத்துப் பாட்டிகள் கிராணி என்றால் எழுந்து நிற்பார்களே, அந்த மாதிரி உத்தியோகம். அதை விட்டுவிட்டுப் புது ஊருக்கு வந்தார்.

வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? சுற்றிப் பார்த்தார். எல்லாரும் வீடு கட்டுகிறார்கள், செங்கல் இல்லை. தஞ்சோங் பகார் பக்கம் செங்கற்சூளை போட்டார். சிங்கப்பூரில் முதல் சூளை அதுதான். பினாங்குக்கு ஆள் அனுப்பிக் கொத்தனார், தச்சர், துணி வியாபாரிகளை எல்லாம் வரவழைத்தார். கட்டடக் குத்தகை எடுத்தார், துணிக்கடையும் வைத்தார். 1822இல் கடை தீப்பிடித்து எரிந்து கடனில் விழுந்தார். பிறகு ராஃபிள்ஸிடம் போய்க் கேட்டு, இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கிற வியாபாரச் சதுக்கத்தில் இடம் வாங்கி மறுபடி எழுந்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கொஞ்சம் இதைக் கவனிக்கணும். நம்ம பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பேரே செங்கற்சூளையால் வந்தது. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் பாதி எரிந்தது, அதே வருடம் கடைசியில் வெள்ளம். அத்தாப்பு வீடும் மண் சுவரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்வெட்டன்ஹாம் எல்லாரும் செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டணும் என்று உத்தரவு போட, யாப் ஆ லோய் சூளை வைத்தார். அதற்கு அறுபது வருடத்துக்கு முன்னமே ஒரு தமிழர் அதே கணக்கைச் சிங்கப்பூரில் போட்டுவிட்டார்.

சரி, கோயிலுக்கு வருவோம்.

ஊரில் நம்ம ஆட்கள் சேர்ந்ததும் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று நாராயண பிள்ளை முன்னின்று கேட்டார். அரசாங்கம் முதலில் ஒதுக்கிய இடம் தெலோக் ஆயர் தெருவில். அப்போது அது கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடமே அதுதான். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஒவ்வொரு சமூகமும் அங்கேதான் வழிபாட்டு இடம் வைத்தது. நம்ம முஸ்லிம் சகோதரர்களின் நாகூர் தர்கா அந்தத் தெருவில்தான் 1828க்கும் 1830க்கும் நடுவில் எழுந்தது. சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயிலும் பின்னாலேயே அங்கே வந்தது. ஆக நல்ல இடம், கூட்டம் வருகிற இடம். ஆனால் பிள்ளை அங்கே கட்டவில்லை. காரணம் தண்ணீர். ஆயர் என்றால் தண்ணீர், பேரிலேயே தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை!

இதைப் படித்துவிட்டு வேனில் சில பேர் “தண்ணிக்காகவா நல்ல இடத்தை விடுவாங்க?” என்று கேட்டார்கள். கோயில் வேலை செய்யாதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். காலையில் கதவு திறந்தது முதல் ராத்திரி நடை சாத்துவது வரைக்கும் எல்லாம் தண்ணீர். அபிஷேகத்துக்குத் தண்ணீர், கலசத்துக்குத் தண்ணீர், மடப்பள்ளிக்கு, பாத்திரம் கழுவ, பிரகாரம் கழுவ, வருகிற சனம் கால் கழுவ. உப்புத் தண்ணீரில் அம்மனைக் குளிப்பாட்ட முடியுமா? இங்கே நம்ம வட்டாரத்தில் திருவிழா நேரம் பார்த்துத் தண்ணி கட் வந்து, இரண்டு பெரிய டாங்கியும் மத்தியானமே காலியாகி, லோரித் தண்ணிக்கு நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கா? அவர் 1820 வாக்கில் யோசித்தது அதைத்தான். இடம் கிடைத்த சந்தோஷத்தில் தலையாட்டாமல், இங்கே கோயில் நடத்த முடியுமா என்று பார்த்தார். எங்களுக்கு அந்த மனுஷன் மேல் மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான்.

1821இல் இரண்டாவது இடம். அப்போது சிங்கப்பூரில் ரெசிடென்டாக இருந்தவர் வில்லியம் ஃபார்குவார். அவர், இன்றைக்கு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் என்று சொல்கிற ஓடைப் பக்கம் ஓர் இடத்தைப் பிள்ளை பயன்படுத்திக்கொள்ள விட்டார். தண்ணீர் பிரச்சினை தீர்ந்தது.

இந்த ஃபார்குவார் பற்றி ஒரு துணைக்கதை. இவர்தான் முன்னே மலாக்காவில் அதிகாரியாக இருந்து, 1807இல் மலாக்காக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தவர். டச்சுக்காரர்கள் திரும்பி வந்தால் அவர்களுக்குக் கோட்டை இருக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. சிறு பையனாக மலாக்காவில் இருந்த முன்ஷி அப்துல்லா அந்தக் கோட்டை இடிந்ததைப் பிற்காலத்தில் தன் நூலில் விவரமாக எழுதி வைத்தார். அவருடைய வம்சத்திலும் நாகூர்த் தமிழ் இரத்தம் உண்டு. முன்னூறு வருடக் கோட்டை, உத்தரவு வந்ததும் போனது. இன்றைக்கு மலாக்காவில் நாம் படம் எடுத்துக்கொள்கிற அந்த ஒற்றை வாசல்தான் மிச்சம். மலாக்காவில் இடித்த அதே கை சிங்கப்பூரில் அம்மனுக்கு இடம் காட்டியது. அதிகாரியை நல்லவன், கெட்டவன் என்று பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அவன் கையில் என்ன உத்தரவு இருக்கிறது, நம்ம கையில் என்ன தாள் இருக்கிறது, அதுதான் கணக்கு.

அந்த இரண்டாவது இடமும் போனது. எப்படிப் போனது? 1822இல் ராஃபிள்ஸ் திரும்பி வந்தார். ஊர் தாறுமாறாக வளர்கிறது என்று ஃபார்குவார் மேல் கோபப்பட்டு, நகரத் திட்டம் ஒன்று போடச் சொன்னார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்ததால் அதற்கு ஜாக்சன் திட்டம் என்று பேர். ஐரோப்பியர் இங்கே, சீனர் இங்கே, நம்ம ஆட்கள் ஆற்றுக்கு மேல் பக்கம், அரபு வியாபாரிகள் அங்கே என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். ஓடைக்கரை வேறு காரியத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஃபார்குவார் காட்டிய இடம் அதோடு முடிந்தது.

இந்த இடத்தில்தான் நம்ம கோயில் ஞாபகம் வந்தது. நகரத் திட்டம், ஒதுக்கீடு, வேறு பயன்பாடு. இருநூறு வருடம் ஆகியும் வார்த்தைகூட மாறவில்லை.

பிள்ளை விடவில்லை. 1823இல் மூன்றாவது இடம் கிடைத்தது. அதுதான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இன்றைக்கு மாரியம்மன் கோயில் நிற்கிற இடம். இந்த முறை கோயில் கட்டுவதற்கு என்றே கொடுக்கப்பட்டது. 1827இல் கோயில் எழுந்தது. சின்ன அம்மன் என்று சொல்லும் சிறிய மாரியம்மன் சிலையைப் பிள்ளை அங்கே வைத்தார். சின்ன அம்மன் என்றால் அளவில்தான் சின்னது.

அந்த முதல் கோயில் எதனால் கட்டியது தெரியுமா? மரமும் அத்தாப்பும். சொந்தமாகச் சூளை வைத்து ஊருக்கே செங்கல் விற்ற ஆள், அம்மனுக்கு அத்தாப்புக் கொட்டகை போட்டார்! முதலில் எங்களுக்கும் இது விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், வந்து எட்டு வருடத்தில் இரண்டு இடம் கைநழுவின மனுஷன். முதலில் இடத்தில் உட்காரணும், விளக்கு எரியணும், சனம் வரணும், பிறகு செங்கல் வரும் என்று நினைத்திருப்பார் என்று எங்களுக்குப் படுகிறது. இப்போது நாம் தலைகீழ். பத்திரம் யார் பேரில் என்று பார்க்காமல் ஐந்து நிலைக் கோபுரத்துக்கு நன்கொடை ரசீது அடிக்கிறோம். இதைச் சொல்வதால் சில பேருக்கு எங்கள் மேல் வருத்தம் வரலாம், வரட்டும்.

1831இல் சேஷாசலம் பிள்ளை என்பவர் தன் சொந்த நிலத்தில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுத்தார். எப்படித் தெரியும் என்றால், கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் பேர், வருடம் எல்லாம் கல்வெட்டாக இருக்கிறது. செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843ஆம் ஆண்டு வாக்கில் வந்தது, பெரும்பகுதி 1862, 1863இல். சுதைச் சிற்பம் செய்ய நாகப்பட்டினம், கடலூர் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். வாசலில் இருந்து சன்னிதி வரைக்கும் இருந்த அத்தாப்புப் பந்தல் 1910இல் தீப்பிடித்து எரிந்தது, அதற்குப் பிறகுதான் நிரந்தரக் கூரை. கோபுரம் 1903இல் முதலில் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலம் கிடைத்து எண்பது வருடம் கழித்துக் கோபுரம்.

அந்த எண்பது வருடமும் கோயில் சும்மா இருக்கவில்லை. கப்பலில் வந்து இறங்கி, தங்க இடமும் வேலையும் இல்லாதவனுக்கு அதுதான் வீடு. இந்துக் கல்யாணங்களைச் செய்து வைத்துப் பதிவு செய்யும் அதிகாரம் ஒரு காலத்தில் அந்தக் கோயிலுக்கு இருந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு கல்யாணத்துக்குத் தாள் கொடுக்கிற கோயில். பக்கத்துத் தெருக்களின் பேரே கோயிலால் வந்தது, டெம்பிள் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட் என்று. அதே ரோட்டில் சில அடி தள்ளி, சோழமண்டலத்துத் தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா சூலியா பள்ளிவாசல், 1826இல் தொடங்கியது. இரண்டும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. சுற்றிலும் சைனா டவுன். 1973இல் மாரியம்மன் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 2019இல் சிங்கப்பூர் இருநூறாம் ஆண்டுக்காக ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்தார்கள். முன்ஷி அப்துல்லாவும் அந்த வரிசையில் நின்றார்.

இப்போது நம்ம கோலாலம்பூர் தேவஸ்தானம் கதையைப் பாருங்கள், அச்சு அசல் அதே மாதிரி. 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கினார். அவர் பிறந்ததே சிங்கப்பூரில்தான், 1850இல். முதலில் ரயில் ஸ்டேஷன் பக்கம் இருந்தது. 1885இல் ஹை ஸ்திரீட்டுக்கு, அதாவது இப்போதைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு மாறியது. அங்கேயும் முதலில் அத்தாப்பு. 1887இல் அதைப் பிரித்துவிட்டுச் செங்கல். இன்றைக்கு நாம் பார்க்கிற கட்டடம் 1968இல் முடிந்தது. தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுகிற இடம், அதுவும் ஒரு காலத்தில் இடம் மாறி வந்த அத்தாப்புக் கொட்டகைதான்.

நம்ம கோயில் போன்றவை வேற வகை. கிள்ளான், சா ஆலம், பெட்டாலிங் ஜெயா எல்லாம் ரப்பர்த் தோட்டம். பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர், சா ஆலம் இருக்கிற இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். தோட்டத்தில் கோயில் எப்படி வந்தது? லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள். கங்காணி போய்த் துரையைக் கேட்பார். துரை குதிரையிலோ காரிலோ உட்கார்ந்தபடி கையை நீட்டி “அங்கே வெச்சுக்கோ” என்பார். முடிந்தது. அந்தக் கை நீட்டல்தான் நம்ம பட்டா. துரை ஊருக்குப் போய்விட்டார், தோட்டம் கை மாறியது, மறுபடி கை மாறியது, வீடு வந்தது, பேக்டரி வந்தது. கை நீட்டினது யாருக்கும் ஞாபகம் இல்லை.

துறைமுகத்துக் கோயில்காரர்கள் நம்மைவிடப் பக்திமான்கள் இல்லை. கெட்டிக்காரர்கள் என்றும் சொல்லமாட்டோம். அவர்கள் வியாபாரிகள், கிராணிகள். எதுவாக இருந்தாலும் எழுதி வாங்குகிற பழக்கம் இருந்தது. நம்ம தாத்தாக்கள் பால்மரம் சீவினவர்கள். சம்பளச் சீட்டில் கட்டைவிரல் வைத்தவர்களிடம் போய்க் கிராண்ட் எங்கே என்று கேட்டால் எங்கே போவார்கள்? அது அவர்கள் தப்பு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நாம் ஐம்பது வருடம் படித்திருக்கிறோம். எங்களில் பலர் பேக்டரி ஆட்கள். ஒரு புது மெஷின் வந்து இறங்கினால் அன்றைக்கே அதற்குப் பைல் திறந்து, சீரியல் நம்பர், வாங்கின தேதி, சர்வீஸ் கார்டு எல்லாம் போட்டு வைக்கிறோம். ஆடிட் வந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறோம். கோயிலுக்கு அப்படி ஒரு பைல் நம்மிடம் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் கமிட்டி அலமாரியைச் சுத்தம் பண்ணினபோது பார்த்தோம். கரையான் பாதி, ஈரம் பாதி. பழைய திருவிழா வரவு செலவு நோட்டு ஒன்று கட்டியாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பொடியாகிறது. ஆனால் அதே நாள் ஒரு அம்மா தன் வீட்டுத் தகர டிரங்குப் பெட்டியில் இருந்து ஒரு ரசீது கொண்டுவந்து கொடுத்தார். அவர் மாமனார் பேரில், நம்ம கோயில் முத்திரையோடு, தோட்டத்துப் பேர் போட்டு, நாலு வெள்ளி நன்கொடை. தேதி 1958. கையில் வாங்கியதும் எங்கள் தலைவர் ஒரு நிமிடம் பேசவில்லை. நம்ம கோயில் ‘பிறகு வந்து முளைத்தது’ என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. வீடமைப்பு வருவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்னே இங்கே பூசை நடந்தது என்பதற்கு அந்த நாலு வெள்ளி ரசீது சாட்சி. அதை வைத்து நிலமே கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருக்கலாம். மாற்று இடம் என்று பேச்சு வந்தாலும், நாராயண பிள்ளை மாதிரி தண்ணீர் இருக்கா, வழி இருக்கா, யார் பேரில், எந்தப் பயன்பாட்டுக்கு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகுதான் விக்கிரகத்தைத் தொடுவோம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்து பத்து மணியில் இருந்து மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். உங்கள் வீட்டில் கோயில் சம்பந்தமாக எது இருந்தாலும் கொண்டுவாங்க. பழைய ரசீது, திருவிழா நோட்டீஸ், நம்ம கோயிலில் நடந்த கல்யாணத்தின் பத்திரிகை, கரகம் எடுத்த படம், தோட்டத்து ஆபீஸில் இருந்து வந்த கடிதம், பழைய கரண்ட் பில், எதுவானாலும் சரி. படத்தில் கோயில் பின்னால் கொஞ்சம் தெரிந்தாலும் போதும். பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் அழிக்காதீங்க. ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களாகப் பிரிக்காதீங்க, லேமினேட்டும் பண்ணாதீங்க. இருக்கிறபடியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவாங்க. அங்கேயே ஸ்கேன் பண்ணிவிட்டு, உங்கள் பேர் எழுதிக்கொண்டு, ஒரிஜினலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நடக்க முடியாத பெரியவங்க வீட்டில் இருந்தால் தகவல் மட்டும் சொல்லுங்க, நாங்களே வீட்டுக்கு வருகிறோம். அவங்க சொல்வதைப் பதிவு பண்ணணும். கேள்வி கேட்ட தம்பிதான் போன்ல ரெகார்டு பண்ணப் போகிறார், ஒத்துக்கொண்டுவிட்டார்.